சேற்றுக்கு முதலில் இடம் பார்

கடற்படைத் துறைமுகத்தை ஆழப்படுத்தப் போகிறார்கள் என்றால் பேச்செல்லாம் கப்பலைப் பற்றித்தான். எத்தனை மீட்டர் வேண்டும், எப்போது முடியும்? அள்ளிய சேறு எங்கே போகும் என்பது கோப்பின் கடைசிப் பக்கத்தில் கிடக்கும். நான் அந்தப் பக்கத்திலிருந்துதான் படிப்பேன்.

மாதிரி அள்ளும் கிராபைப் படகில் திறந்தால் மேலே விரல் தடிமன்கூட இல்லாத பழுப்பு ஏடு. கீழே கரிய களி, அழுகிய முட்டை நாற்றம். நாற்றத்துக்குப் பயமில்லை, காற்றுப்படாத சேறு அப்படித்தான் இருக்கும். மூக்குக்கு எட்டாததே வில்லங்கம்: கப்பலடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசிய சாயத்தின் செம்பும் டின்னும். டின் சாயத்துக்கு உலகத் தடை 2008-இல்தான் அமலுக்கு வந்தது. பழுதுபார்க்கும் துறைகளின் அடிச்சேறு அதற்கும் மூத்தது.

வெடிபொருளும் உண்டு. போர்க்காலத்தில் எங்கள் பினாங்கில் ஜப்பானிய, ஜெர்மானிய நீர்மூழ்கிகள் தங்கின. 1944-இல் பிரிட்டிஷ் விமானங்கள் இங்கே கண்ணிவெடி போட்டன. 1997-இல் அமெரிக்காவின் சான்டியாகோவில் விமானந்தாங்கிக் கப்பலுக்காகத் தோண்டிய மணலைக் கடற்கரைகளில் கொட்டினார்கள். அதிலிருந்து வெடிக்காத குண்டுகள் வந்தன. கரைக்கு மணல் போடுவது நின்றது. அடியில் இரும்பைத் தேடும் மேக்னெட்டோமீட்டரை முதலில் ஓட்டச் சொன்னால் செலவென்று முகம் சுளிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

எனக்குப் பிடித்த திட்டம் வர்ஜீனியாவின் கிரேனி தீவு. நார்ஃபோக் கடற்படைத் தளமும் வணிகத் துறைமுகமும் இருக்கும் அந்த நீர்ப்பரப்பின் சேற்றுக்காக 1950-களில் கரைகட்டி எழுப்பிய இடம், ஏறத்தாழ 2,500 ஏக்கர். இருபது வருடத்தில் நிரம்பிவிடும் என்றே கணக்கிட்டார்கள். பிறகு மூன்றாகப் பிரித்து, ஒன்றில் கொட்டும்போது மற்றவற்றைக் காயவிட்டார்கள். கெப்பாலா பத்தாஸில் என் வீட்டைச் சுற்றி வயல்தான். அறுப்பு இயந்திரம் இறங்குமுன் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிப்பார்கள். கிரேனியிலும் அதே வேலை. நீர் வடிந்தால் களி சுருங்கும், பாத்தியில் மறுபடி இடம் பிறக்கும். இன்றும் அந்த இடம் வேலை செய்கிறது.

நம் பக்கம் அவ்வளவு சுலபமில்லை. பிறைக் கரையோரம் ஆழமற்ற சேற்றுத்திட்டு, அதில் கெராங் சிப்பி வளர்ப்பு. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே மிடில் பேங்க் திட்டில் கடற்புல். கலங்கல் படிந்தால் இரண்டும் மூச்சுமுட்டும். லூமுட் போன்ற ஆற்றுமுகக் கடற்படைத் தளத்தில் ஒருமுறை தோண்டியதோடு முடியாது, ஆறு வண்டலைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். அதனால் ஒப்பந்தக்காரரிடம் ஆழக் கணக்குக்கு முன்னால் நான் கேட்பது முப்பது வருடச் சேற்றுக் கணக்கு: சுத்தமானது எவ்வளவு, நஞ்சேறியது எவ்வளவு, தண்ணீரோடு ஊதினால் எவ்வளவு இடம் பிடிக்கும், காய எத்தனை மாதம்.