பீரோவில் பூத்த பூஞ்சணம்

நம் வீட்டில் அப்பளத்துக்கு இருந்த மரியாதை காமிராவுக்கு இருந்ததில்லை. அப்பளம் காற்றுப் புகாத டின்னில் குடியிருந்தது. நம் தகப்பனார் வாங்கிய காமிராவோ, தோல் உறைக்குள் அடைபட்டு, இரும்புப் பீரோவில் பட்டுப் புடவைகளுக்கும் அந்துருண்டைகளுக்கும் நடுவே வாசம் செய்தது. இதைவிடப் பத்திரமான இடம் வேறு ஏது என்று நாம் இறுமாந்திருந்தோம்.

2015-ம் வருஷம் ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் நம் வீட்டு வாசற்படியோடு திரும்பிவிட்டது. "தப்பினோம்" என்று பெருமூச்சு விட்டோம். தை பிறந்ததும், பேத்தியின் காது குத்துக் கல்யாணத்துக்காகக் காமிராவை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், லென்ஸுக்குள்ளே சிலந்தி வலை போல வெண்ணிற நூல்கள் கிளை கிளையாய்ப் படர்ந்திருந்தன! நம் தாயாரின் முகத்தை உள்ளபடி பிடித்துக் கொடுத்தது உலகத்திலேயே அந்த லென்ஸ் ஒன்றுதான்.

பழுது பார்க்கும் பெரியவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"பூஞ்சணத்தைத் துடைத்துவிடலாம், ஸார். அது கண்ணாடியை அரித்த தழும்பை என்ன செய்வது?"

"பீரோவில் வைத்துப் பூட்டித்தானே இருந்தது, ஐயா?"

"அதனால்தான் வந்தது, ஸார்!"

அவர் சொன்னதன் நியாயம் பிறகு விளங்கிற்று. பூஞ்சண வித்துக்கள் எங்கும் காற்றில் மிதக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது ஈரமும், இருட்டும், அசையாத காற்றும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60-க்கு மேல் நாள் கணக்கில் நின்றால் அவை முளைவிடும். கடலோரப் பட்டணத்தில் அதற்குக் கேட்பானேன்? முளைத்த நூல்கள் கசியவிடும் அமிலம் லென்ஸின் மேற்பூச்சை அரித்துவிடும். தோல் உறையோ ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, விருந்தாளிக்குப் படுக்கை விரித்தது. அந்துருண்டை பூச்சியை விரட்டுமேயன்றி ஈரத்தை வாங்காது. அதன் ஆவி லென்ஸில் படிந்தால் அது வேறு உபத்திரவம். அரிசியில் புதைத்து வைக்கச் சொன்னார் ஒரு சிநேகிதர். தவிடும் தூசியும் உள்ளே புகுந்தால் அவரா வந்து துடைப்பார்?

இப்பொழுது இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். அதற்குள் ஸிலிகா ஜெல் மணிகளும், ஈரமானி ஒன்றும் உண்டு. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்கவேண்டும். 30-க்குக் கீழே போனாலும் ஆகாது. ரப்பரும் தோலும் வறண்டு வெடிக்கும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். மின்சார அடுப்பில் சுமார் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் பழைய நிறம் திரும்பும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் அவற்றைச் சமையலறைப் பக்கமே சேர்ப்பதில்லை. பெட்டியில் வைக்குமுன் பாட்டரியைக் கழற்றிவிடுகிறோம். உறை மட்டும் தனியே வெளியில் தொங்குகிறது. எல்லாவற்றிலும் உத்தமமான வைத்தியம், வாரம் ஒரு முறை காமிராவை எடுத்து நாலு படம் பிடிப்பதுதான்.

தழும்பு விழுந்த லென்ஸும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஜன்னலுக்கு எதிரே நீட்டினால் படத்தில் மார்கழிப் பனி இறங்கினாற்போல் மங்கல் தட்டுகிறது. வெளிச்சம் நம் முதுகுப்புறம் இருந்தால் அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆகவே பேத்தியைக் காலை வெயில் முகத்தில் விழும்படி திண்ணையில் உட்கார வைத்து எடுக்கிறோம். கண் கூசுகிறது என்று அவள் தினமும் சண்டை பிடிக்கிறாள்.