அறுவடை முடிந்த வயலில் கூடாரம்: பவனா ஏரிக்கரை

மும்பை – புனே சாலையில் லோணாவ்ளாவைத் தாண்டி, தெற்கே மலைப்பாதையில் திரும்பினால் ஒரு மணி நேரத்தில் பவனா ஏரி வந்துவிடும். ஏரி என்று சொன்னாலும் இது அணை நீர்த்தேக்கம்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் பவனா ஆற்றின் குறுக்கே, 1970-களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட அணை. கொள்ளளவு ஏறத்தாழ 8.5 டி.எம்.சி. பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழில் நகரம் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

நீரைச் சுற்றி நான்கு மலைக்கோட்டைகள் நிற்கின்றன. கூம்பு போல் துங், முக்கோணமாகத் திகோனா, அவற்றுக்கு எதிரே லோககட், விசாபூர். லோககட் கோட்டை, 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியக் கோட்டைகளில் ஒன்று. நம் செஞ்சிக் கோட்டையும் அந்தப் பன்னிரண்டில் அடக்கம்.

இந்தப் பகுதிக்கு மாவள் என்று பெயர். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டித் தீர்க்கும். அந்த மழையை நம்பி ஒரு போகம் நெல். மாம்பூ வாசம் வீசுவதால் 'அம்பேமோகர்' என்று பெயர் பெற்ற பாரம்பரிய ரகமும், அதன் வழியில் வந்த 'இந்திராயணி' ரகமும் இங்கே பேர்போனவை. அக்டோபர், நவம்பரில் அறுவடை முடிந்துவிடும். அதன்பிறகு பாசன வசதி இல்லாத வயல்கள் அடுத்த மழை வரை தரிசாகவே கிடக்கும். கண்ணெதிரே கடல் போல் தண்ணீர் நின்றாலும், மேட்டு வயலுக்கு அதை ஏற்ற எல்லோருக்கும் வசதி இல்லை.

அந்தத் தரிசுக் காலத்தில்தான் கூடாரங்கள் முளைக்கின்றன. அறுத்த தாளை ஒதுக்கி, நிலத்தைச் சமன்படுத்தி, வரிசையாகக் கூடாரம் அடிக்கிறார்கள். மும்பை, புனே நகரத்துக் குடும்பங்கள் சனிக்கிழமை மாலை வந்து, ஞாயிறு காலை திரும்புகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான குளிர். கம்பளியோடு வருவது நல்லது.

மாலை நான்கு மணிக்கு வந்து சேரும் குடும்பத்துக்கு முதலில் தேநீரும் பஜ்ஜியும் கிடைக்கும். பிள்ளைகள் வரப்பில் ஓடுவார்கள். துங் கோட்டைப் பக்கம் சூரியன் இறங்கும் நேரத்தில் பெரியவர்கள் கரையோரம் உட்கார்ந்துவிடுவார்கள். இரவில் அடுப்படியில் 'மாவ்ஷி' என்று எல்லோரும் அழைக்கும் வீட்டு அம்மா, கம்பு அல்லது சோள மாவில் கையால் தட்டிய பாக்ரி சுடுவார். கூடவே கடலை மாவில் கிண்டிய பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த தெச்சா. கடைசியில் இந்திராயணி சோறு, குழைவாக, மணமாக. காலையில் தாளித்த அவல். மதியத்துக்குள் திகோனா ஏறி இறங்கிவிடலாம். பௌத்தத் துறவிகள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் குடைந்த பேட்சே குகைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

குடும்பத்தோடு போகிறவர்கள் மூன்று விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். ஒன்று, நீரில் இறங்கக் கூடாது. அணையின் அடித்தரை ஒரே சீராக இருக்காது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆள் உயரப் பள்ளமாக இருக்கலாம், சேறும் இழுக்கும். படகில் ஏறினால் உயிர்காப்பு உடுப்பு கட்டாயம். இரண்டு, குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைக்கக் கூடாது. மூடிய இடத்தில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மூன்று, இரவில் டார்ச் இல்லாமல் வரப்பில் நடக்கக் கூடாது. எலி உள்ள நெல் வயலில் பாம்பும் இருக்கும்.

இந்தக் கரையின் அழகுக்குப் பின்னால் ஒரு கணக்கு தீராமல் நிற்கிறது. அணைக்காக நிலம் கொடுத்த குடும்பங்களில் பலருக்கு, அரை நூற்றாண்டு கடந்தும் மாற்று நிலம் வந்து சேரவில்லை. 2011 ஆகஸ்ட் 9 அன்று, இந்த அணைத் தண்ணீரை மூடிய குழாயில் நகரத்துக்குக் கொண்டு செல்லும் திட்டத்தை எதிர்த்து மாவள் விவசாயிகள் விரைவுச் சாலையை மறித்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். அதன்பின் திட்டம் பல ஆண்டுகள் கிடப்பில் போடப்பட்டது.

ஆகவே, இங்கே கூடாரத் தொழிலை வெறும் கேளிக்கை என்று ஒதுக்க முடியாது. நிலத்தை இழந்த ஊர், மிச்சமுள்ள நிலத்தில் எட்டு மாத வருமானம் தேடுகிறது. அரிசி, முட்டை, நாட்டுக்கோழி, பால் எல்லாம் இடைத்தரகர் இல்லாமல் பந்தியிலேயே விலையாகின்றன. வெளியூர் வேலைக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். மகாராஷ்டிர அரசும் 2020-ல் வேளாண் சுற்றுலாவுக்குத் தனிக் கொள்கை வெளியிட்டது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கரையோர நிலத்தை நகரத்தார் வாங்கிப் பங்களா கட்டிவிட்டால், விற்ற விவசாயி அதே நிலத்தில் காவலாளியாக நிற்பார். நள்ளிரவு வரை ஒலிபெருக்கி வைத்தால் குடும்பங்கள் மறுமுறை வராது. பிளாஸ்டிக் குப்பை வயலில் உழவோடு கலக்கும்; கழிவறை நீர் குடிநீர்த் தேக்கத்தில் கலக்கும். அணைக்குச் சொந்தமான நிலத்தில் கூடாரம் அடித்தால் அரசோடு வழக்குதான் மிஞ்சும்.

நம் ஊரில் இதை யோசிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பட்டாவைத்தான். ஏரிப் புறம்போக்கில் ஒரு முளைக்குச்சிகூட அடிக்கக் கூடாது. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பு அகற்றப்படும். சொந்த நிலத்தில் செய்தாலும் நல்ல கழிவறை, குடிநீர், பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகிய மூன்றும் அமைந்த பிறகே விருந்தினரை அழைக்க வேண்டும். முதலில் நான்கு கூடாரம் போதும். மழைக்கு முன் எல்லாவற்றையும் பிரித்து அடுக்கிவிட்டு, நிலத்தை நெல்லுக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பவனாவில் நிலத்தை விற்காமல் வைத்திருப்பவர்கள் ஜூன் பிறந்தால் நாற்றங்காலுக்குத்தான் போகிறார்கள்.