அம்மாவுக்கு நீண்டுபோன ஒரு நாள்

நியூஜெர்ஸியில் இருக்கும் என் தங்கைக்கு 2023 ஜூனில் பிரசவம். துணைக்குப் போக அம்மாதான். வயது அறுபத்தாறு. பத்து வருஷமாகக் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. சென்னையைத் தாண்டி எங்கும் போனதில்லை.

டிக்கெட்டில், சென்னையில் விடியற்காலை 4 மணிக்குப் புறப்பாடு, அதே தேதியில் பகல் 2.30க்கு நியூயார்க் என்று இருந்தது. "பத்தரை மணி நேரம்தானேடி! ரெண்டு வேளை ஊசியோட முடிஞ்சிடும்" என்றாள் அம்மா.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பெரம்பலூரிலிருந்து பஸ் பிடித்து அரியலூர் போய், அவளை உட்காரவைத்துக் கணக்குப் போட்டேன். (எங்களூரில் ரயில் கிடையாது, ரயில் ஏறவும் அரியலூருக்குத்தான் போகவேண்டும். அந்தப் பெருமூச்சு தனி!) சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,900 கிலோமீட்டர், நாலு மணி நேரம். துபாயில் இரண்டு மணி காத்திருப்பு. அங்கிருந்து நியூயார்க் 11,000 கிலோமீட்டர், பதினாலு மணி நேரம். ஆக மொத்தம் இருபது மணி! கோடையில் அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். மேற்கே போகிறவர்களுக்கு அன்றைய நாள் முப்பத்து மூன்றரை மணியாக நீண்டுவிடும்.

"அரியலூர்லேருந்து எழும்பூர் போகவும் நாலு மணி, துபாய் போகவும் நாலு மணியா?" என்று அம்மா அதிலேயே நின்றுவிட்டாள்.

நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனோம். அவர் ஊர் நேரத்தை விட்டுவிட்டு, முந்தின ஊசிக்கு இத்தனை மணி கழித்து அடுத்தது என்று எழுதித் தந்தார். சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகே ஊசி போடவேண்டும் என்பதை மட்டும் மூன்று தரம் சொன்னார். அம்மாவுக்கு எழுதிய அளவு உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பொருந்தாது, சகோதரிகளே. அவரவர் டாக்டரைத்தான் கேட்கவேண்டும்.

இன்சுலின், ஊசி, டாக்டர் சீட்டு எல்லாம் கைப்பையில். பெட்டியில் போட்டால் விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் இன்சுலின் உறைந்து கெட்டுப்போகலாம். கூடவே பிஸ்கட், குளுக்கோஸ் பொட்டலம். மணிக்கொரு தரம் எழுந்து நடக்கவும், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டவும் பழக்கினேன்; அத்தனை நேரம் அசையாமல் இருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அம்மாவின் கையில் அப்பாவின் பழைய கைக்கடிகாரம், நம் ஊர் நேரத்திலேயே.

முதல் நாள் பகல் பன்னிரண்டுக்கு வீட்டைப் பூட்டியவள், தங்கை வீட்டு வாசலை மிதித்தபோது நமக்கு மறுநாளும் போய் அதற்கடுத்த நாள் அதிகாலை 3.30. விமானத்தில் இருந்ததோ பதினெட்டே மணி நேரம்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் நியூயார்க்–துபாய் பன்னிரண்டரை மணிதான். நாளும் சுருங்கும், அதைப் பார்க்காமல் வழக்கம்போல ஊசி போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். அதற்கும் டாக்டரிடம் தனிச்சீட்டு வாங்கி, பாஸ்போர்ட் உறையில் வைத்தே அனுப்பியிருந்தேன். நவம்பரில் சென்னையில் வந்து இறங்கியவள் முதலில் பேத்தியின் படத்தைக் காட்டினாள். பிறகுதான் தண்ணீர் கேட்டாள்.