வடு காட்டிய வழி

பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வரும் ஒவ்வொரு பொருளும் ஒரு கேள்வியையும் உடன் கொண்டுவருகிறது: எதைச் சரிசெய்வது, எதை விட்டுவைப்பது? தேய்ந்த பித்தளைப் பாத்திரமென்றால் ஈயம் பூசினால் முடிந்தது. வரலாறு ஏறிய பொருளுக்கு அவ்வளவு எளிதாக விடை கிடைப்பதில்லை. பீட்டர் ஃபிராம்ப்டன் என்ற ஆங்கிலேய ராக் இசைக்கலைஞரின் கறுப்பு நிற மின்கிதார் 31 ஆண்டுகள் காணாமற்போய்த் தீக்காயங்களோடு திரும்பிவந்தபோது, இக்கேள்வி அவர் முன் வந்து நின்றது.

அது 1954-ஆம் ஆண்டின் கிப்சன் லெஸ் பால் கஸ்டம். மஹோகனி மரத்தாலான உடல், கறுப்பு மெருகு, பொன்முலாம் பூசிய உலோகப் பாகங்கள். அவ்வாண்டில் இம்மாதிரிக் கிதார்கள் இரண்டு பிக்கப்புகளோடுதான் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தன. பின்னர் இக்கிதாரின் உடல் குடையப்பட்டு, மூன்று ஹம்பக்கர் வகைப் பிக்கப்புகள் பொருத்தப்பட்டன. 1970-இல் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் ஹம்பிள் பை குழுவோடு வாசிக்க வந்த ஃபிராம்ப்டனுக்கு, அவருடைய கிதார் தொல்லை தருவதைக் கண்ட ஒருவர் இதைக் கொடுத்து உதவினார். பிறகு அதற்கு விலையும் வாங்க மறுத்துவிட்டார். 1976-இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டிய ‘ஃபிராம்ப்டன் கம்ஸ் அலைவ்!’ இசைத்தொகுப்பின் உறையில் அவர் கையிலிருப்பது இக்கிதாரே. அவர் கைக்கு வரும்போதே அது ‘அசல்’ நிலையில் இல்லை என்பதை இங்கே நினைவில் கொள்வது நல்லது.

1980 நவம்பரில் தென் அமெரிக்க இசைப் பயணத்தின்போது, மேடைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு வெனிசுவேலாவின் கராகசிலிருந்து பனாமாவுக்குப் புறப்பட்ட சரக்கு விமானம், மேலெழுந்த சற்று நேரத்தில் விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்தவர்கள் உயிரிழந்தனர். மனித உயிர்கள் போன இடத்தில் ஒரு கிதாருக்காக அழுவது எவருக்கும் கூச்சம் தரும். கருவிகள் யாவும் சாம்பலாயின என்றே ஃபிராம்ப்டன் நம்பினார். பிற கிதார்களை வாசித்து வாழ்க்கையைத் தொடர்ந்தார்.

ஆனால் அந்தக் கிதார் முற்றும் எரிந்துபோகவில்லை. சிதைவுகளுக்கிடையிலிருந்து யாரோ அதை எடுத்திருக்கிறார். கைமாறிய அது, வெனிசுவேலாக் கரையிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குராசாவ் தீவை அடைந்தது. அங்கே ஓர் உள்ளூர் இசைக்கலைஞர் அதை வாசித்துவந்தார். தீவின் சுங்க அலுவலர் ஒருவர் ஓய்வு நேரத்தில் கிதார்களைப் பழுதுபார்ப்பவர். இக்கிதார் அவர் கண்ணில் பட்டபோது, மரத்தில் பதிந்திருந்த தீயின் தடங்கள் அவரை யோசிக்கவைத்தன. நெதர்லாந்திலிருந்த ரசிகர் ஒருவரின் துணையோடு பழைய ஒளிப்படங்களை ஒப்பிட்டபோது ஐயம் உறுதியாக வலுத்தது. குராசாவின் சுற்றுலா வாரியமும் உதவ, 2011 டிசம்பரில் நாஷ்வில் நகரில் கிதார் ஃபிராம்ப்டனின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

தீ ஒரு மின்கிதாரை என்ன செய்யும் என்பதை அறிந்தால்தான் பழுதுபார்ப்பின் எல்லையும் விளங்கும். அக்காலக் கிப்சன் கிதார்களின் மேற்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் அரக்கு. பழைய திரைப்படச் சுருள்கள் எளிதில் தீப்பற்றியதற்குக் காரணமான அதே வேதிப்பொருள் இதிலும் உண்டு. வெப்பத்தில் அது கொப்புளித்துக் கருகும். கழுத்தை உடலோடு இணைக்கும் விலங்குப் பசை சூட்டில் இளகும். பிக்கப்பின் உள்ளே காந்தத்தைச் சுற்றி, தலைமயிரளவே தடிப்புள்ள செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாய்ச் சுற்றப்பட்டிருக்கும். தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைய, அக்கம்பிச்சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கியில் கேட்பது அதுவே. கம்பியின் மேலுள்ள மென்காப்பு வெந்துவிட்டால் சுருள் ஊமையாகும். தீக்குத் தப்பியவற்றையும் கடற்காற்றின் உப்பு விட்டுவைக்காது: திருகுகளில் துரு ஏறும், ஒலியளவுக் குமிழ்கள் கரகரக்கும், பற்றவைத்த இணைப்புகள் விட்டுப்போகும்.

இந்நிலையில் இரு வழிகள் இருந்தன. மேற்பூச்சு முழுவதையும் சுரண்டி, மரத்தை இழைத்து, புதிய கறுப்பு மெருகு ஏற்றி, 1976-இன் உறைப்படத்தில் இருந்ததுபோல் ஆக்கிவிடுவது ஒன்று. எதையும் தொடாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுவது மற்றொன்று. முதல் வழி 1980-க்கும் 2011-க்கும் இடையில் எதுவுமே நடக்கவில்லை என்று சாதிக்கும். இரண்டாம் வழி, ஒலிப்பதற்கென்று பிறந்த பொருளை நிரந்தரமாக ஊமையாக்கும். ஃபிராம்ப்டன் இரண்டையும் தேர்ந்தெடுக்கவில்லை. கிப்சனின் தனிப்பணிக் கூடத்தில், வாசிக்கும் நிலைக்கு வருவதற்கு எது தேவையோ அது மட்டும் சரிசெய்யப்பட்டது. தீயின் வடுக்கள் அப்படியே இருக்கட்டும் என்றார் அவர். கிதாருக்குச் சாம்பலிலிருந்து எழும் பறவையின் பெயரும் அமைந்தது: ஃபீனிக்ஸ்.

சிதைந்த எழுத்துகளோடு பழகியவர்களுக்கு இம்முடிவு அந்நியமாகத் தோன்றாது. பாப்பிரசையும் கல்வெட்டையும் பதிப்பிப்போர், அழிந்த எழுத்தை ஊகித்து நிரப்பும்போது அதைச் சதுர அடைப்புக்குள் இட வேண்டும் என்ற மரபு, 1931-இல் லைடன் நகரில் கூடிய அறிஞர்களின் உடன்பாட்டிலிருந்து பிறந்தது. மூலத்தில் இருப்பது எது, பதிப்பாசிரியர் சேர்த்தது எது என்பது படிப்பவருக்குத் தெரிய வேண்டும். நேர்மை அதில்தான் இருக்கிறது. பழங்கட்டடங்களின் புதுப்பிப்புக்கு நெறி வகுத்த 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும், ஊகம் தொடங்கும் இடத்தில் புதுப்பிப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. அடைப்புக்குறியின்றி நிரப்பப்பட்ட வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அடுத்த தலைமுறை ஆய்வாளரைத் தவறான வழியில் அனுப்பிவிடும்.

ஃபிராம்ப்டனின் கிதார் இந்நெறிக்கு இன்னொரு காரணத்தையும் காட்டுகிறது. அது அடையாளம் காணப்பட்டதே அந்த வடுக்களால்தான். குராசாவில் அதை வைத்திருந்தவர் ஒரு திறமையான கைவினைஞரிடம் கொடுத்துப் பளபளப்பாக்கியிருந்தால், தீவின் எத்தனையோ கிதார்களுள் ஒன்றாக அது கலந்துபோயிருக்கும். சுங்க அலுவலரின் கண் அதில் நின்றிருக்காது. அழகு சேர்ப்பதாய் எண்ணிச் செய்யும் வேலை, வீடு திரும்பும் வழியையே அழித்திருக்கும்.

அவ்வடு ஃபிராம்ப்டன் ஒருவருக்கு மட்டும் உரியதும் அன்று. கராகசில் மாண்டவர்களின் கடைசிக் கணம் அந்த மரத்தில் இருக்கிறது. பெயர் அறியப்படாத கைகள் அதை எடுத்துக் காத்த ஆண்டுகளும், ஒரு சிறு தீவின் மேடைகளில் அது ஒலித்த இரவுகளும் அதிலேயே இருக்கின்றன. உரிமையாளர் என்ற முறையில் அவற்றையெல்லாம் இழைத்துத் தள்ள அவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. அந்த உரிமையை அவர் பயன்படுத்தாமல் விட்டார்.

2012-இல் நியூயார்க்கின் பீக்கன் அரங்கில் அக்கிதார் மீண்டும் மேடையேறியது. ஏழாண்டுகள் கழித்து, 2019-இல், தமக்கு இன்க்ளூஷன் பாடி மயோசைட்டிஸ் என்ற தசைநோய் இருப்பதை ஃபிராம்ப்டன் வெளிப்படையாக அறிவித்தார். தொடைத் தசைகளையும் விரல்களை மடக்கும் முன்கைத் தசைகளையும் மெல்ல மெல்ல வலுவிழக்கச் செய்யும் நோய் அது. அதைக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. தந்தியை அழுத்த வேண்டிய விரல்களையே அது குறிவைக்கிறது.

ஆக, எரிந்த கிதார் சரியாகிவிட்டது; அதை வாசிக்கும் கை தேய்ந்துகொண்டிருக்கிறது. விடைபெறும் பயணம் என்று அறிவித்துப் புறப்பட்டவர், அதன் பின்னரும் நாற்காலியில் அமர்ந்தபடி மேடைகளில் வாசித்தார். முன்போல் எட்டாத விரல்களுக்கு வேறு வழிகளைக் கண்டுபிடித்துக்கொண்டார். 1976-இன் உறைப்படத்திலிருக்கும் இளைஞராகத் தம்மை ஆக்கிக்கொள்ள அவர் முயலவில்லை. எஞ்சியிருப்பதை வைத்து இன்றைக்கு என்ன ஒலிக்கும் என்று பார்க்கிறார்.