மதுரைக்கும் வாகைக்குளத்துக்கும் நடுவே

மதுரை விமான நிலையத்துக்கும் தூத்துக்குடி விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம்? இணையத்தில் தேடினால் சுமார் 123 கி.மீ. என்று வரும். அது காக்கா பறக்கிற கணக்கு. நாம போகிற ரோட்டுக்கு அது பொருந்தாது.

அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம், குறுக்குச்சாலை வழியாக இறங்கி, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளம் போக இரண்டரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். டோல்கேட்டும் டீக்கடையும் தனி.

விமானத்திலேயேதான் போவேன் என்று அடம்பிடித்தால் சென்னை மாதிரி ஓர் ஊருக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். 123 கி.மீ. தெற்கே போக, சென்னை வழி என்றால் வானத்தில் சுமார் 950 கி.மீ.! மீனாட்சிபுரத்து மாமாவிடம் சொன்னேன். "காசு கூடிப்போச்சோ?" என்றார்.

தூத்துக்குடியில் ஓடுபாதை குட்டையாக இருந்ததால் நெடுங்காலம் ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்கள் மட்டுமே வந்துபோயின. இப்போது ஓடுபாதை நீண்டுவிட்டது, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்தாகிவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருக்கிற கோவில்பட்டிக்காரர்களுக்குத்தான் இனி நிஜமான குழப்பம், எங்கே இறங்குவது என்று. டிக்கெட் விலையை மட்டும் பார்க்காதீர்கள். ஊர் வரைக்குமான டாக்ஸி வாடகையையும் கூட்டிப் பார்த்துவிட்டு புக் பண்ணுங்க மக்களே.