இரு விடுதிகளுக்கிடையே

கண்டக்குழிக் கரையில் சோளகம் எழுந்தால் எங்கள் வீட்டுக் கதவுகள் தாமே அறைந்து சாத்திக்கொள்ளும். என் சின்னம்மாவின் மகன் அவ்வோசை கேட்டு முறுவலிப்பான். எழுந்து தாழிட அவனால் இயலாது. ஏழு வயதிற் கரைவலை இழுப்போரின் பின்னே ஓடிய கால்கள், பதினொரு வயதில் ஓய்ந்துவிட்டன. இப்பொழுது அவனுக்கு வயது 17.

டுஷேன் தசைநலிவு என்பது அந்நோயின் பெயர். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே பற்றும் இந்நோய், நாளடைவில் மூச்சுத்தசைகளையும் இதயத்தையும் நலிவிக்கின்றது. முன்னர் இருபது வயதைக் காணாது மறைந்தோர் பலர். இன்று மருந்துகளும் சுவாசக் கருவிகளும் பலரை முப்பது வயதுக்கு அப்பாலும் வாழ வைக்கின்றன. எனவே, முன்பு எழாத வினாவொன்று எழுகின்றது: சிறுவர் விடுதியை விட்டு வெளியேறும் இளைஞனை வரவேற்பவர் யார்?

நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்றதும் மரணப்படுக்கையையே நினைக்கின்றோம். அது தவறு. வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்து, நோயறிந்த நாள்முதல் குடும்பத்துக்குத் துணைநிற்பதே அப்பராமரிப்பு. 1982இல் ஒக்ஸ்போட் நகரிற் சிறுவருக்கென ஹெலன் இல்லம் தோன்றியது. அங்கு வளர்ந்தோர்க்குப் புகலிடம் இல்லாமை கண்டு, 2004இல் இளைஞருக்கென டக்ளஸ் இல்லம் எழுந்தது. நிதி போதாமையால் 2018இல் அது மூடப்பட்டது. செல்வம் மிக்க நாட்டிலேயே நிலை இதுவெனில், எம் கடற்கரைக் கிராமத்தின் நிலையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு வயது கடந்தமையால் அவன் பெரியோர் பிரிவுக்கு மாற்றப்பட்டான். சிறுவர் விடுதியிற் சின்னம்மா இரவெல்லாம் அருகிருந்தாள். ஆண்கள் விடுதியில் அதற்கு இடமில்லை. அவனைப் பெயர் சொல்லி அழைக்கும் தாதியரும் அங்கில்லை. சிங்களம் அறிந்தவனென என்னை அழைத்துச் சென்றனர். புதிய வைத்தியர் வினவினார்: மூச்சு மேலும் தளருமாயின் இயந்திரத்தின் உதவியை விரும்புகிறானா, வீட்டிலேயே இருக்க விரும்புகிறானா?

நான் சின்னம்மாவிடம், "மருந்தை மாற்றுவதைப்பற்றிக் கேட்கிறார்" என்றேன்.

ஆண்டுக்கணக்காகச் சிறுவர் விடுதியில் வளர்ந்தவனுக்குச் சிங்களம் என்னிலும் நன்றாகத் தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். அவன் வைத்தியரை நோக்கி, "யோசித்துச் சொல்கிறேன், அடுத்த முறையும் என்னிடமே கேளுங்கள்" என்று சிங்களத்திற் கூறினான். பின் என் பக்கம் திரும்பி, "அண்ணா, அவர் கேட்டது என்னையல்லவா?" என்றான்.

அன்று நான் வெட்கினேன். அன்பு என்று எண்ணி நான் செய்தது அவன் உரிமையைப் பறித்ததேயன்றி வேறில்லை. பிரித்தானியாவில் 2016இல் வெளியான வழிகாட்டல், இம்மாற்றத்துக்கான ஆயத்தத்தை 13 அல்லது 14 வயதிலேயே தொடங்க வேண்டுமெனவும், பொறுப்பேற்க ஒருவர் குறிக்கப்பட வேண்டுமெனவும் கூறுகின்றது. நம் நாட்டிலும் 2019 முதல் 2023 வரைக்கான தேசிய நோய்த்தணிப்புப் பராமரிப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. ஆயினும், பிள்ளையை நோக்கிப் பேசப் பழகுதற்குத் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவன் பதின்மூன்று வயதினனாய் இருந்தபோதே எங்கள் வீட்டுத் திண்ணையில் அதனைத் தொடங்கியிருக்கலாம்.

இன்று கிளினிக் நாளில் நான் உடன் செல்கின்றேன். அவன் பேசி முடித்த பின்னரே சின்னம்மாவுக்கு மொழிபெயர்க்கின்றேன், ஒரு சொல்லும் விடாமல்.