ஆணியும் ஆப்பும்

ஆணி, அறைந்தவுடன் வேலை முடிந்துவிட்டதென்ற நிறைவைத் தருவது. ஆப்போ, ஆண்டுதோறும் நம் கவனத்தை வேண்டி நிற்பது. இவ்விரண்டினுள் எதனைக் கொள்வதென்ற வினா, பிள்ளைகள் இருந்து படிப்பதற்கென நீண்ட மேசையொன்று செய்விக்க முற்பட்டபோது எமது வீட்டில் எழுந்தது.

நாம் விரும்பியது பழைய முறையிலான மேசை. இரு புறமும் அகன்ற பாதத்தின்மீது நிற்கும் தாங்கிகள் இரண்டு. அவற்றை இணைக்கும் நீண்ட சட்டம் ஒன்று. மேலே ஆறடிப் பலகை. உறுப்புகள் சிலவேயாதலின் மூட்டுகளே அதன் உயிர்.

தாங்கியும் பாதமும் சேருமிடத்தில் ஐயமெதுவும் இருக்கவில்லை. தாங்கியின் முனையிற் கழுந்து செதுக்கி, பாதத்திற் பொளிந்த துளையிற் பசையிட்டு இறுக்குவதென முடிவாயிற்று. கழுந்தின் தடிப்பு, மரத்தின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக இருப்பது வழக்கம். கூடினால் துளையின் சுவர் மெலியும். குறைந்தாற் கழுந்து முறியும். அது என்றும் பிரிய வேண்டாத மூட்டு.

நீண்ட சட்டம் பற்றியே வாதம். திருகாணி போதுமென்றான் மூத்த மகன். ஆசாரியார் வேறொரு வழி கூறினார். சட்டத்தின் கழுந்தைத் தாங்கியை ஊடறுத்து வெளியே நீட்டி, நீண்ட பகுதியிற் துளையிட்டு, அதில் ஆப்பொன்றைச் செருகுவது. அத்துளையின் உள்விளிம்பு தாங்கிக்குள் சற்றே மறைந்திருந்தாற்றான் ஆப்பு இறங்க இறங்க மூட்டு இறுகும். துளைக்கு அப்பாலும் போதிய மரம் வேண்டும்; இன்றேல் கழுந்தின் நுனி நார்வழியே பிளந்துவிடும்.

அதுவரை பேசாதிருந்த பிள்ளைகளின் அம்மம்மா, "தேவையெண்டால் கழட்டலாமோ?" என்று கேட்டார். ஆப்பைத் தட்டினால் நான்கு துண்டாகிவிடும் என்றார் ஆசாரியார். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுகளைவிட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டபோது, அம்மம்மாவின் பெரிய மேசை அறை வாசலைத் தாண்டவில்லை. கையிற் கொண்டு சென்றவை சில உடுப்புகளும் பத்திரங்களுமே. கழற்றக்கூடிய மேசையாயினும் அன்று அதனைச் சுமந்திருக்க முடியாதென்பதை அவரும் அறிவார். எனினும், அவர் கேட்ட பின்னர் திருகாணியைப் பற்றி எவரும் பேசவில்லை.

மேற்பலகையையும் நாம் பசையிட்டுப் பிணைக்கவில்லை. மாரியில் மரம் ஈரத்தை உறிஞ்சி அகலத்தில் விரியும், கோடையிற் சுருங்கும். நீளமோ அநேகமாக மாறாது. அசையவிடாது கட்டிய பலகை வெடிக்கும். ஆகவே, கீழிருந்து அதனைப் பிடிக்கும் திருகாணிகளுக்கு நீள்துளைகள் இடப்பட்டன. விரிவதற்கு இடம் பெற்ற பலகையே வெடியாது நிலைக்கும்.

சோளகக் காற்றில் மரம் உலரும் மாதங்களில் ஆப்பு சிறிது தளர்கிறது. கொட்டாப்புளி கொண்டு அதனை இரு தட்டுத் தட்டி இறுக்குவது இப்பொழுது கடைக்குட்டியின் பொறுப்பு.